கடைசி வீட்டு வாடை

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த முதலாளி சீனுவாசனுக்கு விழுப்புரம் ரயிலடிக்குக் கிழக்கே எட்டு வீடு கொண்ட ஒரு வரிசை சொந்தம். முப்பத்தேழாம் வருஷம், புரட்டாசி இரண்டாவது வாரம், அந்த வரிசையின் சாக்கடை மறுபடியும் அடைத்துக்கொண்டது. அடைத்தது என்னவோ எட்டு வீட்டுக்கும் பொதுவான குழாய். தண்ணீர் எதிர்த்து வந்து நின்றது மட்டும் கடைசி வீட்டுக் கொல்லையில். கடைசி வீடுதான் பள்ளம். பள்ளத்தைத் தேடித் தண்ணீரும் வரும், பழியும் வரும்.

அந்தக் குழாய் மேல் முதலாளிக்கு இருந்த பிரியம் பெற்ற பிள்ளைகள் மேல்கூட இருந்ததா என்பது சந்தேகம். ஊரெல்லாம் திறந்த சாக்கடையை மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிய காலத்தில், சென்னப்பட்டணத்தில் யாரோ பெரிய மனிதர் வீட்டில் பார்த்துவிட்டு வந்து, மெருகு போட்ட மண்குழாய் வரவழைத்து, கொல்லைகளுக்குப் பின்னாலுள்ள சந்தில் புதைத்தார். ஒவ்வொரு வீட்டுக் கழுநீரும் சின்னக் குழாயில் வந்து பெரிய குழாயில் சேரும். சேருகிற இடத்துக்கு ஒரு கல் மூடி. எல்லாம் ஓடிக் கடைசி வீட்டுக்குப் பின்னால் ஒரு தொட்டியில் விழுந்து, அங்கிருந்து கீரைத் தோட்டத்துக்குப் போகும். வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால், கோயிலுக்கு அழைத்துப் போவதற்கு முன்னால் குழாயைப் பார்க்க அழைத்துப் போவார். மண்ணுக்குள் இருப்பதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர்களும் கேட்டதில்லை.

கடைசி வீட்டில் இருந்தவள் பூமாலை. புருஷன் தாண்டவராயன் ரயில் ஷெட்டில் என்ஜின் துடைக்கிற கலாசி. இரண்டு பேருக்கும் சொந்த ஊர் பொம்மையார்பாளையம், கடற்கரைக் குப்பம். இந்த வீடு கிடைப்பதற்கு முன்னால் விழுப்புரத்தில் பதினோரு வீடு பார்த்திருந்தார்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள். சொன்னதும், இப்போதுதான் வேறு ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டோம் என்பார்கள். பதினோரு வீட்டையும் அந்த ஒரே ஆள்தான் வாடகைக்கு எடுத்திருக்க வேண்டும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தபோது பன்னிரண்டாவதாக வாய்த்தது இது. பள்ளமானாலும் பூமாலைக்கு இது அரண்மனை.

அந்த அரண்மனைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. ஆபத்தைக் கொண்டுவந்தவர் முதல் வீட்டு வெங்கடாசலம். டிக்கெட் கலெக்டர், முதலாளி ஊரில் இல்லாத நேரத்தில் வரிசைக்கு அவர்தான் முதலாளி. புரட்டாசி பிறந்த அன்றே ஏழு வீட்டாரையும் நிற்க வைத்து, மாதம் முழுக்கக் கவுச்சி தொடுவதில்லை என்று பெருமாள் படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கியிருந்தார். சனிக்கிழமை தோறும் நெற்றி நிறைய நாமம் போட்டு, நாமம் போட்ட சொம்பை ஏந்தி, கோவிந்தா சொல்லிக்கொண்டு வீடு வீடாகப் போவார். கடைசி வீடு மட்டும் சத்தியத்துக்கு வரவில்லை. மீன் எங்களுக்குக் கவுச்சி இல்லை, சோறு என்று பூமாலை சொல்லிவிட்டாள்.

ஆகவே தொட்டிக் கல்லைத் தூக்கி, மூங்கில் பத்தையை விட்டுக் குத்தி, அடைப்பை இழுத்துப் போட்டபோது மீன் முள்ளாக வந்ததும் விசாரணைக்கே வேலையில்லாமல் போயிற்று. வரிசையில் மீன் தின்கிற வீடு ஒன்றே ஒன்றுதானே. திண்டிவனத்திலிருந்து ரயிலேறி வந்த முதலாளி, தம் குழாய் வாந்தி எடுத்துக் கிடக்கும் கோலத்தைப் பார்த்து நிஜமாகவே கண் கலங்கினார். அவரும் நாமதாரி.

"இதோட ரெண்டு தபா. இன்னொரு தபா அடச்சிதுன்னா சாமானைக் கட்டிக்கினு கெளம்பிடணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பூமாலை மீனை அரிந்தால் செதிளையும் குடலையும் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைப்பவள். மீன் கழுவின தண்ணீர்கூட மரத்துக்குத்தான். குப்பத்தில் பிறந்த எந்தப் பெண்ணும் முள்ளைச் சாக்கடையில் போடமாட்டாள். அதைச் சொன்னால் இங்கே யாருக்கும் காதில்லை. எல்லாரும் போனபின், இழுத்துப்போட்ட முள்ளை முறத்தில் அள்ளி, வெயிலில் வைத்து உட்கார்ந்து பார்த்தாள். கலாசி சம்பளத்துக்கு அவள் வீட்டில் நெத்திலி, கவலை என்கிற மலிவான சின்ன மீன்கள்தான். முறத்தில் கிடந்ததோ வஞ்சிரத்தின் தடித்த நடுமுள். பக்கத்தில் கொடுவாத் தலை. கருவாட்டு வால்கள். போதாதென்று ஒரு நண்டுக்கால்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். நண்டைப் பெருமாளிடமிருந்து மறைத்த வரிசையை இப்போதுதான் பார்க்கிறாள்.

எந்த வீடு என்று தெரிய வேண்டும். அப்பன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய வலை ஒன்று பரணில் கிடந்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு, மறுநாள் காலையில் வெங்கடாசலத்திடம் போய்க் கை கட்டி நின்றாள். தன்னால் வரிசைக்கு வந்த அவப்பேரைத் தானே துடைக்கப் போவதாகவும், ஒவ்வொரு வீட்டுக் குழாயும் சேருகிற இடத்தில் கல் மூடியைத் திறந்து ஒரு வலைத் துண்டு கட்டிவிட அனுமதி வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். எதற்கு என்றார் அவர்.

"எங்கூட்டு முள்ளு தப்பித் தவறி உங்க பக்கம் ஏறி வந்துடக்கூடாதுங்களே ஐயா. வெரதம் இருக்கிற ஊடு" என்றாள், முகத்தை மிகவும் பவ்வியமாக வைத்துக்கொண்டு.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது வெங்கடாசலத்துக்குத் தெரியாததல்ல. ஆனால் பழி எந்தப் பக்கம் ஓடும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். குற்றவாளியே வந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிற சந்தோஷத்தில் பள்ளம் மேடெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. தாராளமாகக் கட்டிக்கொள்ளச் சொன்னார்.

மூன்றாம் நாள் சந்துக்குப் போய் ஏழு வலையையும் அவிழ்த்துப் பார்த்தாள். ஏதாவது ஒரு வீட்டு வலையில் முள் இருக்கும் என்று நினைத்துப் போனவளுக்கு ஏழு வலையிலும் இருந்தது. வஞ்சிரம் முதல் வீடு. நண்டு நாலாவது வீடு. கருவாட்டில் மூன்றாவது வீட்டுக்கும் ஆறாவது வீட்டுக்கும் போட்டி. ஆண்கள் வேலைக்குப் போகும்போது தயிர்சோற்றோடு போன தூக்குக் கேரியர், புதுச்சேரி ரயிலில் வந்திறங்கும் மீன் கூடைப் பக்கம் போய்விட்டுக் கனமாகத் திரும்பியிருக்கிறது. ஒரு வீட்டுக்கு இன்னொரு வீடு தெரியாது. முள்ளைக் குப்பையில் போட்டால் காக்கை கொத்திக்கொண்டு போய் அடுத்த வீட்டு வாசலில் காட்டிக்கொடுத்துவிடும். மண்ணுக்குள் ஓடுகிற குழாய் என்றால் கேள்வி முறை இல்லை.

முள்ளை ஒளித்துவிட்டார்கள், சரி. வாடையை எப்படி ஒளித்தார்கள் என்று யோசித்தபோதுதான் பூமாலைக்கு உறைத்தது. வாடையை ஒளிக்கவே இல்லை. மீன் வாடை அடித்தால் அது கடைசி வீடு. அவ்வளவுதான். அவள் வீட்டு அடுப்பில் புகை வருகிற வரைக்கும் ஏழு வீட்டாரும் தாராளமாக வறுக்கலாம். அவள் சிரிப்பெல்லாம் போய்விட்டது. நாற்றம் என்று பேர் வைத்ததும் அவர்கள், அந்தப் பேருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டதும் அவர்கள். வீட்டுக்கு வந்து தாண்டவராயனிடம் சொல்லி அழுதாள்.

"உடு பூமால. ஏழு ஊட்டையும் பகைச்சிக்கினு எங்க போயி இருக்கப்போறோம்" என்றான் அவன். அவன் சுபாவம் அப்படி. என்ஜின் புகையே மூஞ்சியில் அடித்தாலும் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பான்.

அவள் சுபாவம் வேறு. தொட்டியைக் கழுவிச் சுத்தமாக வைத்தாள். வலைகளையெல்லாம் கழற்றிவிட்டாள். பொறந்த வீட்டுக்கு எட்டு நாள் போய்வருகிறேன் என்று முதல் வீட்டிலிருந்து ஏழாவது வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டாள். புருஷனை ஷெட்டிலேயே தங்கிக்கொள்ளச் சொல்லி, வீட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு ரயிலேறித் திண்டிவனத்தில் போய் இறங்கினாள்.

மண்டியில் மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவள் யார் பேரையும் சொல்லவில்லை. சாவியை மட்டும் மேஜைமேல் வைத்தாள். அவள் ஊரில் இருக்கமாட்டாள், வீடு பூட்டியிருக்கும், சாவி முதலாளி கையில் இருக்கும்; வருகிற புதன்கிழமை உச்சிப்பொழுதுக்கு முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் வரிசைக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். வந்து எதைப் பார்ப்பது என்றார்.

"ஒண்ணும் பாக்க வாணாம் முதலாளி. தெருவுல நின்னு மூச்சை இழுத்தா போதும். மீன் வாடை அடிக்கலைன்னா, அன்னிக்கே சாமானைக் கட்டிக்கினு போயிடறேன்."

முதலாளி அவளையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

சொல்லும்போது இருந்த தைரியம் பொம்மையார்பாளையம் போனதும் அலையோடு போய்விட்டது. ஏழு வீடும் ஒரு வாரம் வாயைக் கட்டிவிட்டால்? அவள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியுமே. கடைசி வீட்டில் பூட்டுத் தொங்கும்போது எவள் வறுப்பாள்? ஒரு வீட்டை, கிடைத்தற்கரிய ஒரே வீட்டை, ஊரார் நாக்கை நம்பிப் பணயம் வைத்துவிட்டோமே என்று ராப்பகலாகப் புரண்டாள். அம்மா வைத்த குழம்பில் மீன் பெரிய பெரிய துண்டாகக் கிடந்தும் அவளுக்கு இறங்கவில்லை.

விழுப்புரத்தில் நடந்ததை லட்சுமியம்மாளே பின்னால் சொன்னாள். லட்சுமியம்மாள் வெங்கடாசலத்தின் மனைவி. முதல் இரண்டு நாள் ஏழு வீட்டிலும் கீரைக் கடைசல்தான். மூன்றாம் நாள் ஆறாவது வீட்டில் ஒரு துண்டு கருவாட்டைச் சும்மா தணலில் காட்டினார்கள். வாடை பிடித்த ஐந்தாவது வீட்டுக்காரி, கடைசி வீட்டில்தான் என்று வழக்கம்போல் நினைத்துக்கொண்டு, அப்படியானால் நாமும் வைக்கலாம் என்று சட்டியை ஏற்றினாள். பழக்கம் அப்படிப்பட்டது. பூட்டைக் கண் பார்த்தது, மூக்கு பார்க்கவில்லை.

புதன்கிழமை உச்சிப்பொழுதுக்குப் புதுச்சேரி ரயிலில் வந்திறங்கிய பூமாலை, மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருக்கோடி வண்டி நிறுத்தத்தில் வந்து நின்றாள். முதலாளி குடையோடு முதல் வீட்டுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். பூமாலை மூச்சை இழுத்தாள். முதல் வீட்டில் வஞ்சிரம் வறுவல். மூன்றில் கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய் போட்டது. ஐந்தில் கொடுவா. வாழ்நாளில் எந்தப் பூவும் அவளுக்கு அப்படி மணந்ததில்லை.

வெங்கடாசலம் புது நாமத்தோடு வெளியே ஓடிவந்தார். முதலாளி வாசனை பிடித்துக்கொண்டே, இது என்ன வாடை என்று கேட்டார்.

"கடைசி ஊடுங்க" என்றார் வெங்கடாசலம், யோசனையே இல்லாமல். "எத்தினி சொன்னாலும் கேக்கறதில்ல. பெரிய பேஜாரா போச்சுங்க."

வாசலுக்கு வந்த மற்ற வீட்டுப் பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பொழுது விடிந்தால் கடைசி வீட்டில் இதே கதைதான் என்றாள் ஐந்தாவது வீட்டுக்காரி, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே.

முதலாளி மடியிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். "கடைசி ஊட்டு சாவி எட்டு நாளா எங்கிட்ட இருக்குது" என்றார்.

முதல் வீட்டுக்குள் வாணலியில் வஞ்சிரம் கருகுகிற வாடை வந்தது. போய்த் திருப்பிப் போடவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் லட்சுமியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி நேரே சந்துக்குப் போய்த் தொட்டிக் கல்லைத் தூக்கச் சொன்னார். உள்ளே கிடந்ததைப் பற்றி இங்கே விவரிக்க வேண்டாம். வெங்கடாசலம் வேட்டியை மடித்துக் கட்டி, மூங்கில் பத்தையை எடுத்துத் தம் கையால் குழாயைக் குத்தினார். குத்தும்போது நெற்றி வியர்த்து நாமம் மூக்குவரை இறங்கியது. அந்த நேரம் பார்த்துப் பூமாலை போய், ஊரிலிருந்து இப்போதுதான் வருகிறவளாக, எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தாள். முதலாளி சாவியை அவள் கையில் கொடுத்து, நீ எங்கேயும் போக வேண்டாம் என்றார். பிறகு, இந்தக் குழாய் அடைக்காமல் இருக்க என்னதான் வழி என்று அவளையே கேட்டார்.

அவள் சொன்னாள். ஒவ்வொரு வீட்டிலும் பாத்திரம் தேய்க்கிற இடத்துத் துவாரத்தில் ஒரு வலைத் துண்டைக் கட்டி, தினம் எடுத்து உதற வேண்டும். வடிச்ச கஞ்சியை மாட்டுத் தொட்டியில் ஊற்ற வேண்டும்; குழாயில் ஊற்றினால் ஆறிப் பசையாகிவிடும். தேய்க்கிற சாம்பலையும் மண்ணையும் வாரிக் கொட்ட வேண்டும், அலம்பி விடக்கூடாது. வாரின மயிர், தேங்காய் நார், புளிச்சக்கை எதுவும் உள்ளே போகக்கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் குண்டான் நிறையக் கொதிக்கிற தண்ணீர். மீன் முள்ளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விரதம் இருக்கிற வீடுகளிடம் முள்ளைப் பற்றிப் பேசுவது மரியாதையா?

மறுநாளிலிருந்து ஒரு வேலை செய்தாள். தானும் விரதம் இருப்பதாகச் சொல்லிவிட்டு மீன் வைப்பதை நிறுத்தினாள். கேப்பைக் கூழும் வெங்காயமும். தாண்டவராயன் முறைத்துக்கொண்டே குடித்தான். வரிசை முழுக்க வாடையே இல்லை. அந்தச் சுத்தமான காற்றில் ஏழு வீட்டாரும் வாடிப்போனார்கள். நாலாம் நாள் மத்தியானம் லட்சுமியம்மாள் கொல்லை வழியாக வந்து, முருங்கை மரத்தடியில் நின்றாள்.

"பூமால, நீ மீன் வையி தாயே. உங்கூட்டு அடுப்பு எரியாம எங்களுக்கு சோறு எறங்கல" என்றாள். சொல்லிவிட்டு வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பூமாலைக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆனால் விட்டுவிட மனமில்லை.

"வைக்கிறேங்க்கா. முள்ளெல்லாம் இந்தக் குழிக்கு வரணும், பட்டப்பகல்ல. அப்புறம் எவனாவது வந்து என்னா வாடைன்னு கேட்டா, கடைசி ஊடுன்னு ஒரு வாயும் சொல்லக்கூடாது."

லட்சுமியம்மாள் மரத்தடிக் குழியை எட்டிப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

அடுத்த புதன்கிழமை முதலாளி மறுபடி வந்தார். குழாயைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். வரிசையில் எட்டு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது. என்ன வாடை என்று அவர் கேட்டதும், பழக்கதோஷத்தில் வெங்கடாசலத்தின் வாய் திறந்தது. அதற்குள் லட்சுமியம்மாள் முன்னால் வந்துவிட்டாள்.

"எங்கூடுங்க. வஞ்சிரம் வறுத்துக்கினு இருக்கேன்."

எங்கள் வீட்டில் கருவாடுங்க என்றாள் மூன்றாவது வீட்டுக்காரி. எங்கள் வீட்டில் நண்டு என்றது நாலாவது வீடு. கடைசி வீட்டு நிலைப்படியில் நின்றிருந்த பூமாலைக்குக் கண்ணில் நீர் முட்டியது. இந்த வரிசையில் தான் குடியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தோன்றியது. முதலாளி என்ன சொல்லப் போகிறாரோ என்று எல்லாரும் பார்த்தார்கள். அவர், சாக்கடை ஓடுகிறதா என்று மட்டும் கேட்டார். ஓடுகிறது என்றார்கள். அப்படியானால் சரி என்று நடந்து, கடைசி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

பூமாலை செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, செம்பைத் திருப்பிக் கொடுக்காமல், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"திண்டிவனத்துல எங்கூட்டுக் குழாயும் பத்து நாளா அடச்சிக்கினு இருக்குது. அந்த வலை மிச்சம் இருந்தா ஒரு துண்டு குடும்மா."

பூமாலை சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பரணிலிருந்து வலையை எடுத்து, பெரிய வீடாயிற்றே என்று, ஒரு முழம் கூடுதலாகவே வெட்டினாள்.